யூரோ வேண்டாம் என்றவர்கள்

ஆன்சைட் போறவங்க செய்யிற முதல் முட்டாள்தனத்தை நானும் செஞ்சேன். கோபன்ஹேகனில் மூணு மாசம் வேலைன்னு சொன்னதும், சென்னையிலேயே யூரோ வாங்கிப் பர்ஸில் திணிச்சுக்கிட்டுப் போய் இறங்கிட்டேன். ஐரோப்பாவாச்சே, யூரோதானே செல்லும்? முதல் நாள் சாயங்காலம் ஒரு சின்னக் கடையில் காபி வாங்கிட்டு 10 யூரோ நோட்டை நீட்டினா, கடைக்காரப் பெண் மரியாதையாத் திருப்பிக் கொடுத்து, "இங்கே குரோனர்" என்றார். பின்னாடி க்யூவில் நின்னவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே... சரி, அதை விடுங்க.

அடுத்த சனிக்கிழமை ரயிலேறி, ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடன் பக்கம் மால்மோ போனேன். இந்தத் தடவை ரொம்ப உஷாரா டேனிஷ் குரோனர் சில்லறை எடுத்துட்டுப் போனேன். அங்கே அதுவும் செல்லலை! அங்கே ஓடுறது ஸ்வீடிஷ் குரோனா. ரெண்டுமே ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள். நடுவில் ஒரு கடல் துண்டு, அதன் மேல் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாலம். ரயிலில் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. என் பர்ஸில் மூணு வகைப் பணம், எதை எங்கே நீட்டுறதுன்னு தெரியாத நான்.

திங்கட்கிழமை ஆபீஸில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் டீமில் ஐம்பது வயசைத் தாண்டின டேட்டாபேஸ் ஆசாமி ஒருத்தர் இருந்தார். அவர் சொன்னார்: "1992-ல நான் வேண்டாம்னு ஓட்டுப் போட்டேன். 1993-ல சரின்னு போட்டேன். 2000-ல திரும்ப வேண்டாம்னு போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாராவாரம் ரிக்வயர்மென்ட்டை மாத்துற கிளையண்ட் மாதிரி இருக்காரேன்னு நினைச்சேன். அவர் சிரிக்கலை. "ஒவ்வொரு தடவையும் கேள்வி வேற" என்றார்.

அந்த ஒரு வரிதான் என்னை இழுத்துட்டுப் போச்சு. அதுவரைக்கும், ஒரே பணம் வேண்டாம்னு சொல்றவங்க எல்லாம் பழம்பெருமை பேசுற கூட்டம்னு நினைச்சிட்டு இருந்தவன் நான். ஒரே கோடை பத்து இடத்தில் எழுதாம பொதுவா ஒரு இடத்தில் வைக்கிறதுதானே நல்லதுன்னு பழகின மூளை. மூணு மாசம் படிச்சதில் அந்த எண்ணம் கொஞ்சம் ஆடிப்போச்சு. நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை, இன்ஜினியரிங். ஆனா கதை சுவாரசியமான கதை.

நான் லேட்டா போயிட்டேன்

முதல்ல ஒரு வேடிக்கை. மால்மோவில் செல்லாத என் டேனிஷ் சில்லறை, 1880-ல் போயிருந்தா தாராளமா செல்லியிருக்கும். 1873-ல் டென்மார்க்கும் ஸ்வீடனும் சேர்ந்து ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1875-ல் நார்வேயும் சேர்ந்தது. மூணு நாட்டுக்கும் ஒரே தங்க மதிப்புள்ள நாணயம். பேரும் ஒரே பேர்தான், கிரீடம்னு அர்த்தம். ஒரு நாட்டு நாணயம் அடுத்த நாட்டில் அப்படியே செல்லும். நாற்பது வருஷம் நல்லா ஓடின ஏற்பாடு.

1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் ஒவ்வொரு நாடும் தங்கத்தை வெளியே விடாமல் பிடிச்சு வச்சுக்கிட்டு, தன் தேவைக்கு நோட்டு அடிக்க ஆரம்பிச்சது. மூணு குரோனரும் மூணு விலைக்குப் போயிடுச்சு. ஒன்றியம் கதை முடிஞ்சது. பேர் மட்டும்தான் மிச்சம்.

இதுக்கு முன்னாடியே, 1865-ல் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து சேர்ந்து லத்தீன் நாணய ஒன்றியம் ஆரம்பிச்சிருந்தாங்க. மறு வருஷமே, 1866-ல், ஆஸ்திரியாவோடு போர்னு இத்தாலி தங்கம் வெள்ளியா மாத்த முடியாத காகிதப் பணத்தை இறக்கிடுச்சு. வெள்ளிக் காசெல்லாம் எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போச்சு. காகிதத்தில் அந்த ஒன்றியம் 1927 வரை உயிரோட இருந்தது.

ரெண்டு கதையிலும் பாடம் ஒண்ணுதான். ஒரே பணம் நல்ல காலத்தில் நல்லா ஓடும். கெட்ட காலம் வந்தா, அந்தப் பணத்துக்குப் பின்னாடி ஒரே அரசாங்கம் இருக்கா இல்லையான்னு அப்பதான் தெரியும்.

சந்தேகப்பட்டவங்க சொன்னது என்ன?

ஐரோப்பாவில் மறுபடி இந்த ஆசை எழுந்தது 1970-ல். லக்சம்பர்க் பிரதமர் பியர் வெர்னர் தலைமையில் ஒரு குழு, 1980-க்குள் ஒரே நாணயம்னு திட்டம் போட்டது. 1971-லேயே கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் எச்சரிச்சார். அரசியலில் ஒண்ணாகாமல் பணத்தில் மட்டும் ஒண்ணானா, அந்தப் பணமே சண்டையைக் கொண்டு வரும், கடைசியில் அரசியல் ஒற்றுமையும் வராமலே போகும் என்பது அவர் வாதம். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்குத் தங்கம் தர்றதை நிறுத்தினது. உலகமே ஆடிப்போய் வெர்னர் திட்டம் பரணுக்குப் போயிடுச்சு.

கால்டோர் சொன்னதைப் புரிஞ்சுக்க 1961-ல் ராபர்ட் மண்டல் எழுதின ஒரு கட்டுரை உதவும். (பின்னாளில் யூரோவுக்கு ஆதரவா நின்னவர் இவர், 1999-ல் நோபல் பரிசும் வாங்கினார். அது தனிக்கதை.) எளிமையா இப்படிச் சொல்லலாம். ஒரு நாட்டில் மட்டும் தொழில் படுத்துடுச்சுன்னு வைங்க. தனிப் பணம் இருந்தா அதன் மதிப்பு இறங்கும். அந்த நாட்டுச் சரக்கு வெளியே மலிவாகும், மெல்ல எழுந்திரிக்கலாம். அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியையும் குறைக்கலாம். ஒரே பணம்னு போயிட்டா இந்த ரெண்டு கருவியும் கையில் இல்லை. அப்புறம் மூணே வழிதான். ஜனங்க வேலை இருக்கிற இடத்துக்குக் குடிபெயரணும், அல்லது பொது கஜானாவிலிருந்து பணம் வரணும், அல்லது சம்பளம் குறையணும்.

முதல் வழிக்கு ஐரோப்பாவில் மொழி குறுக்கே நிற்கும். ரெண்டாவதுக்குப் பெரிய பொது கஜானாவே இல்லை. மிச்சம் மூணாவது. சந்தேகக்காரர்களின் பயம் இதுதான்: பாரம் முழுக்க சம்பளக்காரன் தலையில் விழும்.

1992, வேண்டாம்

1992 பிப்ரவரி 7-ம் தேதி நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், கடன் 60 சதவீதத்துக்குள்னு நிபந்தனைகள். 1999-க்குள் ஒரே நாணயம்.

டென்மார்க் நாடாளுமன்றத்தில் 179 பேரில் 130 பேர் ஆதரிச்சாங்க. பெரிய கட்சிகள் எல்லாம் அந்தப் பக்கம். ஜூன் 2-ம் தேதி ஜனங்ககிட்டே கேட்டாங்க. 50.7 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. வித்தியாசம் சுமார் 46 ஆயிரம் ஓட்டு. ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மக்கள்தொகை உள்ள நாடு மொத்த ஐரோப்பாவையும் நிறுத்தி வச்சிடுச்சு. எல்லா நாடும் ஒப்புக்கிட்டாத்தான் ஒப்பந்தம் செல்லும் என்பது விதி.

இதுக்கு நடுவில் கால்பந்து. அந்த மாசம் ஸ்வீடனில் ஐரோப்பியக் கோப்பை. டென்மார்க் தகுதியே பெறலை. யூகோஸ்லாவியாவைப் போர் காரணமா விலக்கினதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தாங்க. ஜூன் 26 இறுதிப்போட்டியில் ஜெர்மனியை 2-0-ன்னு சாய்ச்சாங்க. "அந்த ஒரு மாசம் நாங்க யாருக்கும் பயப்படலை"ன்னார் நம்ம டேட்டாபேஸ்காரர். அவருக்கு அப்போ இருபது சொச்சம் வயசு.

செப்டம்பரில் பிரான்ஸும் வாக்கெடுப்பு வச்சது. 51 சதவீதம், நூலிழையில் தப்பிச்சது. அதுக்கு நாலு நாள் முன்னாடி, செப்டம்பர் 16-ம் தேதி, சந்தேகக்காரர்கள் சொன்னது கண்ணெதிரே நடந்தது. ஜெர்மனி 1990-ல் ஒண்ணானதும் செலவு ஏறி, விலைவாசியை அடக்க அவங்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தி வச்சிருந்தது. ஜெர்மன் மார்க்கோடு முடிச்சுப் போட்டிருந்த நாடுகள் எல்லாம், தன் வீட்டில் மந்தமா இருந்தாலும் அதே உயர்ந்த வட்டியைக் கட்டியாக வேண்டிய நிலை. பிரிட்டன் அன்னைக்கு ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12 ஆக்கி, 15 ஆக்கப் போறேன்னும் அறிவிச்சு, ராத்திரி தோல்வியை ஒப்புக்கிட்டு வெளியே வந்தது. ஸ்வீடன் மத்திய வங்கி குறுகிய கால வட்டியை 500 சதவீதத்துக்குக் கொண்டு போச்சு. ஆமாங்க, ஐநூறு. டைப்பிங் மிஸ்டேக் இல்லை. அதுவும் பலிக்காமல் நவம்பரில் கையை விட்டுட்டாங்க.

1993, சரி

டிசம்பரில் எடின்பரோவில் பேசி டென்மார்க்குக்கு நாலு விலக்கு கொடுத்தாங்க. அதில் முக்கியமானது யூரோவில் சேர வேண்டியதில்லை என்பது. பாதுகாப்பு, நீதித்துறை, குடியுரிமை மத்த மூணு. 1993 மே 18-ம் தேதி மறு வாக்கெடுப்பு. 56.7 சதவீதம் சரின்னாங்க. நம்மாளும் அதில் ஒருத்தர். ஒப்பந்தத்தின் வார்த்தைகள் அதேதான், ஆனா டென்மார்க்குக்கு அதன் அர்த்தம் மாறியிருந்தது. "ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டாங்கன்னு சொல்வாங்க. இல்லை, ரெண்டாவது வேற கேள்வி"ன்னார்.

எல்லாரும் அப்படி நினைக்கலை. சரியான பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பீங்களான்னு கொதிச்சவங்களும் உண்டு. அன்னைக்கு ராத்திரி கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம். கல்வீச்சு. போலீஸ் கூட்டத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டது. 113 ரவுண்டு. குறைந்தது 11 பேருக்குக் குண்டுக்காயம். யாரும் சாகலை என்பது அதிர்ஷ்டம். இப்போ அந்தத் தெருவில் ஷவர்மா கடையும் சைக்கிள் கூட்டமுமா இருக்கு. நான் தினம் அந்த வழியாத்தான் ரூமுக்குப் போனேன். படிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது.

2000, வேண்டாம்

ஜெர்மனியிலேயே எதிர்ப்பு இருந்தது. 1998 பிப்ரவரியில் 155 பொருளாதாரப் பேராசிரியர்கள் சேர்ந்து, யூரோவைத் தள்ளி வையுங்கன்னு அறிக்கை விட்டாங்க. யாரும் கேட்கலை. 1999 ஜனவரி 1-ல் 11 நாடுகளோடு யூரோ பிறந்தது.

2000 செப்டம்பர் 28-ல் டென்மார்க் மறுபடி ஓட்டுப் போட்டது. கேள்வி நேரடி: யூரோவில் சேரலாமா? பிரதமர் பால் நைரப் ராஸ்முசன், பெரிய கட்சிகள், தொழிலதிபர்கள், பெரும்பாலான பத்திரிகைகள் எல்லாம் ஒரே பக்கம். வெளிநாட்டவரைப் பிடிக்காத டேனிஷ் மக்கள் கட்சியும், அதுக்கு நேர் எதிரான இடதுசாரிகளும் எதிர்ப்பக்கம். யூரோ வந்தா முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆபத்துன்னு பேச்சு கிளம்பினதும் பிரதமரே உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மே மாசம் அரசாங்கத்தின் பொருளாதார ஆலோசகர்களே, சேர்ந்தா கிடைக்கிற லாபம் சின்னதுதான்னு சொல்லியிருந்தாங்க. யூரோவும் அப்போ டாலருக்கு எதிரா சரிஞ்சுக்கிட்டே இருந்தது.

53.2 சதவீதம் வேண்டாம். அந்த வருஷம் ஜூலை 1-ல்தான் ஓரசுண்ட் பாலத்தைத் திறந்திருந்தாங்க. ஆக, பாலத்துக்குச் சரி, பணத்துக்கு வேண்டாம்.

2003 செப்டம்பர் 14-ல் ஸ்வீடன் முறை. யூரோ பிரசாரத்தின் முகமா இருந்த வெளியுறவு அமைச்சர் ஆனா லிண்ட், வாக்கெடுப்புக்கு நாலு நாள் முன்னாடி ஸ்டாக்ஹோம் கடை ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்துபோனார். கொன்றவனுக்கும் யூரோவுக்கும் சம்பந்தம் இருந்ததா நிரூபணம் இல்லை. அனுதாபத்தில் முடிவு மாறும்னு பலர் நினைச்சாங்க. மாறலை. 55.9 சதவீதம் வேண்டாம். தலைநகர் பக்கம் ஆதரவு, வடக்கே பலத்த எதிர்ப்பு.

அப்புறம் மழை வந்தது

ஐரோப்பிய மத்திய வங்கி 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை வட்டியை 2 சதவீதத்தில் வச்சிருந்தது. மந்தமா இருந்த ஜெர்மனிக்கு அது சரி. கொதிச்சுக்கிட்டிருந்த அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அது கொள்ளை மலிவு. வீடு மேல வீடு கட்டித் தள்ளினாங்க. இந்த ரெண்டு நாடும் ஊதாரிகள் இல்லை என்பதைக் கவனிங்க. 2007-ல் ரெண்டுமே உபரி பட்ஜெட், கடன் 40 சதவீதத்துக்கும் கீழே. விதியை மீறினது ஜெர்மனியும் பிரான்ஸும்தான். 2003 நவம்பரில் அவங்க மேல் வர வேண்டிய நடவடிக்கையை நிறுத்தி வச்சாங்க. பெரிய வீட்டுப் பிள்ளைன்னா தனி நியாயம்!

கிரீஸ் கதை வேற. உள்ளே வரும்போது காட்டின கணக்கே தப்புன்னு 2004-ல் ஒப்புக்கிட்டாங்க. 2009 அக்டோபரில் வந்த புது அரசு, பற்றாக்குறை சொன்னதைவிட இரண்டு மடங்குன்னு குண்டைப் போட்டது. 2010 மே மாசம் 110 பில்லியன் யூரோ கடன். அடுத்து அயர்லாந்து, போர்ச்சுகல், சைப்ரஸ். கடனுக்கு விலை சம்பளக் குறைப்பு, பென்ஷன் வெட்டு. மண்டலின் மூணாவது வழி. 2013-ல் கிரீஸில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலையில்லை. உற்பத்தியில் கால்வாசி கரைஞ்சு போச்சு.

2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடி, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான்னு கட்டுப்பாடு. வரிசையில் நின்ன பென்ஷன்காரங்க படத்தைப் பார்த்திருப்பீங்க. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் நிபந்தனைகள் வேண்டாம்னாங்க. ஒரு வாரத்தில் அதைவிடக் கடுமையான நிபந்தனைக்கு அரசு கையெழுத்துப் போட்டது. யூரோவை விட்டு மட்டும் வெளியேற ஒப்பந்தத்தில் வழியே எழுதப்படலை. நம்ம பாஷையில், ரோல்பேக் பிளான் இல்லாத ரிலீஸ்.

டென்மார்க்காரனின் 'வேண்டாம்' முக்கியம்னு எனக்குப் பட்டது இங்கேதான். 1992-ல் சொன்னவனுக்கு விலக்கு கிடைச்சது. 2015-ல் சொன்னவனுக்கு ஒண்ணும் கிடைக்கலை. ஒருத்தன் உள்ளே போறதுக்கு முன்னாடி சொன்னான், இன்னொருத்தன் போன பிறகு.

ஆனா சந்தேகக்காரங்க தோத்த இடமும் உண்டு

நியாயமா இதையும் சொல்லணும். யூரோ உடையும்னு சொன்னவங்க எல்லாரும் இதுவரைக்கும் தப்பு. அமெரிக்கப் பேராசிரியர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டீன் 1997-ல், இது ஐரோப்பாவுக்குள் போரில்கூட முடியலாம்னு எழுதினார். அப்படி எதுவும் நடக்கலை. அத்தனை அடி வாங்கின கிரேக்கர்களில் பெரும்பாலானவர்கள் 2015-லும் யூரோவை விட விரும்பலை. 2012-ல் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி யூரோவைக் காப்பாத்த எதையும் செய்வோம்னு சொன்ன பிறகு பீதி அடங்கிச்சு. 2020-ல் கொரோனாவுக்கு 750 பில்லியன் யூரோ பொதுக்கடன் வாங்கினாங்க. கால்டோர் கேட்ட பொது கஜானாவின் சின்னத் துண்டு, ஐம்பது வருஷம் கழிச்சு. 11 நாடா ஆரம்பிச்சது, 2026 ஜனவரியில் பல்கேரியா சேர்ந்ததோடு 21.

டென்மார்க்கும் சும்மா தப்பிக்கலை. குரோனரை யூரோவோடு முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க, 1 யூரோவுக்கு 7.46. மேலும் கீழும் 2.25 சதவீதம்தான் நகரலாம். அதனால் பிராங்க்பர்ட் வட்டியை மாத்தினா கோபன்ஹேகனும் மாத்தணும், ஆனா அந்த மேஜையில் இவங்களுக்கு நாற்காலி கிடையாது. 2008 அக்டோபரில் உலகமே வட்டியைக் குறைச்சப்போ, குரோனரைக் காக்க டென்மார்க் வட்டியை 5.5-க்கு ஏத்த வேண்டி வந்தது. 2015-ல் எல்லாரும் குரோனரை வாங்கிக் குவிச்சப்போ மைனஸ் 0.75 வரை இறக்கினாங்க. அப்போ தனிப் பணம் எதுக்குங்க?

இதை நம்மாள்கிட்டேயே கேட்டேன். "வாடகை வீட்டுக்கு எப்பவும் ஒரு கதவு உண்டு. தினம் திறக்கணும்னு இல்லை, சாவி என்கிட்டே இருந்தா போதும்" என்றார். எனக்கு முழுசா உடன்பாடு இல்லை. கதவுக்குக் காவல் வைக்கிற செலவும் அவர்தானே கொடுக்கிறார்? ஆனா ஏதென்ஸ் ஏடிஎம் வரிசையை நினைச்சா, அவரைப் பழமைவாதின்னு சொல்ல வாய் வரலை.

இன்னொண்ணும் கவனிச்சேன். டென்மார்க்காரங்க எப்பவும் வேண்டாம்னு சொல்ற ஜாதி இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 ஜூனில், பாதுகாப்பு விலக்கை எடுத்துடலாமான்னு கேட்டப்போ மூணில் ரெண்டு பங்கு பேர் சரின்னாங்க. கேள்வி வேற.

கடைசியா ஒரு விஷயம். முதல்ல வந்த யூரோ நோட்டுகளின் பின்பக்கம் பாலங்கள் இருக்கும். எந்த நாட்டுப் பாலத்தைப் போட்டாலும் இன்னொரு நாடு கோவிச்சுக்கும்னு, எங்கேயுமே இல்லாத பாலங்களை ஆஸ்திரிய ஓவியர் ராபர்ட் கலீனா வரைஞ்சார். பின்னாடி நெதர்லாந்தின் ஸ்பைக்கனிஸ என்ற ஊரில் நிஜமாவே அந்தப் பாலங்களைச் சின்னதாக் கட்டிட்டாங்க! பணம் முதல்ல, பாலம் அப்புறம். ஓரசுண்ட் பக்கம் பாலம் முதல்ல வந்தது, பணம் இன்னும் வரலை. எது சரியான வரிசைன்னு எனக்கு இன்னும் முடிவா சொல்லத் தெரியலை.

ஊருக்குக் கிளம்பும்போது நம்மாள்கிட்டே கேட்டேன், நாளைக்கே இன்னொரு வாக்கெடுப்பு வச்சா என்ன போடுவீங்கன்னு.

"கேள்வியைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

டிஸ்கி: மால்மோவில் செல்லாத அந்த டேனிஷ் சில்லறை இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கு. யாராவது கோபன்ஹேகன் போறீங்கன்னா சொல்லுங்க, ஒரு காபிக்குப் பாதி தேறும் :-) யூரோ நாடுகளில் இருக்கிற நம்ம பதிவர்கள், அங்கே பழைய ஆட்கள் இன்னும் பழைய பணத்தில் கணக்குப் போடுறாங்களான்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. நான் எழுதினதில் தப்பு இருந்தாலும் தயங்காம சொல்லுங்க, திருத்திடறேன்.